கிரவுண்ட் தகட்டின் கணக்கு

கைப்பேசியில் கோடைப் பண்பலை கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும், இயர்போனைச் சொருகாவிட்டால் எஃப்.எம். வேலை செய்யாது. பாட்டு ஸ்பீக்கரில்தான் ஒலிக்கப்போகிறது என்றாலும் ஒயர் தொங்கியாக வேண்டும். கொடைக்கானல் மலைமேலிருந்து 100.5 மெகா ஹெர்ட்ஸில் 10 கிலோவாட் திறனோடு இறங்கும் அலை திண்டுக்கல் சமவெளி முழுக்க நிறைந்து கிடக்கிறது. அலைக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் நீளத்துக்குத்தான். அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதை ஒழுங்காக வாங்க அதில் கால்பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் கம்பி வேண்டும். சட்டைப்பைக்குள் போகும் கருவியில் அதற்கு இடமேது? அதனால் இயர்போன் ஒயரையே கருவி ஆன்டெனாவாக எடுத்துக்கொள்கிறது.

அதே கைப்பேசி 900 மெகா ஹெர்ட்ஸில் பேசும்போது ஒயர் எதுவும் தொங்குவதில்லை. அங்கே கால்பங்கு 8 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் உள்ளே ஆன்டெனா என்று பெயர் போட்டு வைத்திருக்கும் துண்டு அதைவிடச் சிறியது, ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பது. மீதி நீளத்தைக் கொடுப்பது மின்சுற்றுப் பலகையின் செம்புப் படலம். பொறியாளர்கள் அதைக் கிரவுண்ட் தகடு என்பார்கள். சுற்றில் உள்ள எல்லா மின்னோட்டமும் திரும்பி வந்து சேரும் இடம் அது. இந்தச் செம்பை எங்கே வெட்டுவது, எங்கே நீட்டுவது, எங்கே துளையிடுவது என்று யோசித்து, சிறிய ஆன்டெனாவின் பட்டை அகலத்தை, அதாவது அது ஒழுங்காக வேலை செய்யும் அதிர்வெண் எல்லையை, கூட்டுவது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆன்டெனா ஆய்வில் ஒரு பெரிய தொழில். நம் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு ஈ.சி.ஈ. மாணவர்களின் புராஜெக்ட் தலைப்புகளிலும் அது தவறாமல் இடம்பெறுகிறது. திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலை நெடுகக் கல்லூரிகள் இருக்கின்றன. அந்தச் சாலையின் இரு பக்கமும் தோட்டங்களும் இருக்கின்றன. கல்லூரியில் வரையப்படும் கிரவுண்ட் தகடு தோட்டத்து மோட்டார் கொட்டகையில் என்ன ஆகிறது என்பதை வைத்தே இந்த உத்தியை எடைபோட விரும்புகிறேன்.

தோட்டத்தில் ஆன்டெனாவுக்கு என்ன வேலை? ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் பக்கம் ஆயிரம் அடி தாண்டிய போர்வெல்கள் உண்டு. வீடு ஓரிடம், கிணறு ஓரிடம், மும்முனை மின்சாரம் வருவது எந்த நேரமோ. அதனால் வந்ததுதான் மொபைல் ஸ்டார்ட்டர். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் சிம் போட்ட ஒரு பலகை இருக்கும். வீட்டிலிருந்து அழைப்பு விடுத்தால் மோட்டார் ஓடும். ஒரு ஃபேஸ் போனாலோ தண்ணீர் வற்றினாலோ செய்தி வரும். ஒயர்மேன்கள் இதை மாட்டிப் பழகிவிட்டார்கள். அவர்களிடம் அதிகம் வரும் புகார் மோட்டாரைப் பற்றியதல்ல, "டவர் எடுக்க மாட்டேங்குது" என்பதுதான்.

இந்தப் புகாருக்கு இப்போது புதிதாக ஒரு காரணம் சேர்ந்திருக்கிறது. இரண்டாம் தலைமுறைக் கருவிக்குக் கீழ்ப்பட்டையில் தேவைப்பட்டது 880 முதல் 960 மெகா ஹெர்ட்ஸ் வரை மட்டுமே. நடு அதிர்வெண்ணில் அது 8.7 சதவீதம். நான்காம் தலைமுறையில் 850 பட்டையும் வந்தது, 700 பட்டையும் வந்தது. எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் ஓட வேண்டும் என்றால் 703-இலிருந்து 960 வரை ஒரே ஆன்டெனா பிடிக்க வேண்டும். இது 31 சதவீதம். தேவை மூன்றரை மடங்கு கூடிவிட்டது, பெட்டியோ அதே பெட்டி. எனவே பட்டை அகலம் என்பது கல்லூரிச் சுவரோடு நின்றுவிடும் கேள்வி என்று யாரும் ஒதுக்க முடியாது.

சின்ன ஆன்டெனாவுக்கு அகலப் பட்டை ஏன் கிடைப்பதில்லை என்பதை 1947-இல் ஹரால்ட் வீலரும் 1948-இல் லான் ஜென் சூவும் கணக்காகவே எழுதிவைத்துவிட்டார்கள். ஆன்டெனாவை முழுதாக உள்ளடக்கும் மிகச் சிறிய கோளத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அலைநீளத்தோடு ஒப்பிட அந்தக் கோளம் எவ்வளவு சின்னதோ, அவ்வளவு ஆற்றல் வெளியே போகாமல் ஆன்டெனாவைச் சுற்றியே ஊசலாடிக்கொண்டிருக்கும். அப்படித் தேங்கும் ஆற்றல் ஏறக்குறையக் கோளத்தின் ஆரத்தின் மும்மடிக்குத் தலைகீழாகக் கூடும். தேக்கம் கூடினால் ஒத்ததிர்வு கூராகும், பட்டை குறுகும். இதைக் கெட்டிக்காரத்தனத்தால் தாண்ட முடியாது. 2007-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் மாட்ஸ் குஸ்தாஃப்சன் குழு எந்த வடிவத்துக்கும் பொருந்தும்படி இந்த எல்லையைத் திருத்தி எழுதியபோது அது இன்னும் இறுகியதே தவிரத் தளரவில்லை.

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். 900 மெகா ஹெர்ட்ஸ். ஆன்டெனாத் துண்டு 3 சென்டிமீட்டர் கோளத்துக்குள் அடங்குவது. கொடுத்த திறனில் சுமார் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் திரும்பி வரக்கூடாது என்பது நிபந்தனை. சூவின் எல்லை தரும் பட்டை அகலம் 1.5 சதவீதம், அதாவது 13 மெகா ஹெர்ட்ஸ். இதே துண்டை 10 சென்டிமீட்டர் பலகையின் நுனியில் வைத்து, பலகையையும் சேர்த்தே ஆன்டெனா என்று எண்ணினால் எல்லை 31 சதவீதத்துக்கு எகிறுகிறது, 280 மெகா ஹெர்ட்ஸ். துண்டு மாறவில்லை. கோளம் எதுவரை என்று நாம் எடுத்துக்கொண்டது மட்டும் மாறியது. வடம் பிடிப்பவன் கால் ஊன்றத் தரை வேண்டும் என்பதுபோல ஆன்டெனாவுக்குக் கிரவுண்ட் என்று வகுப்பில் சொல்வதுண்டு. பாதி வரைக்கும் அது சரி. சிறிய கருவியில் அந்தத் தரையும் சேர்ந்தே ஆடுகிறது, பெரும்பாலும் தேரைவிட அதிகமாக ஆடுகிறது.

இதை ஊகமாக விடாமல் அளந்து காட்டியவர்கள் ஃபின்லாந்துக்காரர்கள். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பெர்ட்டி வைனிகைனன் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வு, கைப்பேசியின் ஆன்டெனாத் துண்டையும் உடற்பலகையையும் இரண்டு இணைந்த ஒத்ததிர்விகளாக எடுத்துக்கொண்டது. 900 மெகா ஹெர்ட்ஸ் பக்கத்தில் வெளியேறும் அலையில் துண்டின் பங்கு பத்தில் ஒன்று அளவே, மிச்சமெல்லாம் பலகை வீசுவது என்பது அதன் முடிவு. பலகை அலைநீளத்தில் 0.4 பங்கு, அதாவது சுமார் 13 சென்டிமீட்டர் இருக்கும்போது பட்டை அகலம் உச்சத்துக்குப் போகிறது என்றும் காட்டினார்கள். நோக்கியாவின் நாட்டில் இது வந்ததில் வியப்பில்லை. இந்தத் துறையில் மற்ற எந்தக் கட்டுரையையும் விட இதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். காரணம், பலகைக்குப் போக வேண்டிய பெருமையை அது மறைக்காமல் பலகைக்கே கொடுத்தது.

மற்ற பெரும்பாலான கட்டுரைகள் அப்படிச் செய்வதில்லை என்பதே என் முதல் குற்றச்சாட்டு. ஆய்விதழ்களில் இவ்வகைக் கட்டுரையின் கடைசியில் ஓர் ஒப்பீட்டு அட்டவணை வரும். முந்தையவர்களின் ஆன்டெனா இத்தனை மில்லிமீட்டர், பட்டை இத்தனை. எங்களுடையது இத்தனை, பட்டை இத்தனை. கடைசி வரிசைதான் எப்போதும் ஜெயிக்கும். அளவு என்ற கட்டத்தில் சிலர் துண்டை மட்டும் போடுவார்கள், சிலர் தகட்டையும் சேர்த்துப் போடுவார்கள். இரண்டையும் ஒரே நிரலில் வைத்து வெற்றி அறிவிப்பது நிலத்தை ஒருவர் சென்டிலும் இன்னொருவர் ஏக்கரிலும் சொல்ல, வெறும் எண்ணை மட்டும் பார்த்துப் பத்திரம் முடிப்பதற்குச் சமம்.

கிரவுண்டைக் கொண்டு அகலம் தேடும் வழிகளில் மிகப் பிரபலமானது பாதிக் கிரவுண்ட். முழுத் தகட்டின் மேல் மெல்லிய பலகையில் பதித்த பேட்ச் ஆன்டெனாவுக்குச் சாதாரணமாக இரண்டு மூன்று சதவீத அகலமே கிடைக்கும். பேட்ச்சின் அடியிலுள்ள செம்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஊட்டுக் கம்பியின் கீழ் மட்டும் தகட்டை விட்டுவைத்தால் அகலம் பாய்ந்து ஏறும். 2002-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 3.1 முதல் 10.6 கிகா ஹெர்ட்ஸ் வரை மீஅகலப் பட்டையைத் திறந்துவிட்ட பிறகு இந்த வடிவம் வெள்ளமாக வந்தது. வட்டம், நீள்வட்டம், இலை, சக்கரம் என்று பேட்ச்சுக்குப் போடாத கோலமில்லை. 109 சதவீத அகலம் உண்மையாகவே கிடைத்தது, அதில் மோசடி எதுவும் இல்லை.

ஆனால் செம்பைச் சுரண்டிய கணத்திலேயே அது பேட்ச் ஆன்டெனா அல்லாமல் போய்விட்டது. தட்டையாகப் படுத்த ஒரு மோனோபோல், அதாவது ஒற்றைக் கம்பி ஆன்டெனா, ஆகிவிட்டது. பேட்ச் ஒரு பக்கமாகத்தான் வீசும். முதுகில் தகடு இருப்பதால் சுவரிலோ இரும்புப் பெட்டியிலோ உடம்பிலோ ஒட்டினாலும் அதற்குக் கவலையில்லை. மோனோபோல் எல்லாப் பக்கமும் வீசும், முதுகுக்குப் பின்னால் உலோகம் வந்தால் தடுமாறும். பேட்ச்சின் கவசத்தை விற்று மோனோபோலின் அகலத்தை வாங்கியிருக்கிறோம். இது நியாயமான வியாபாரம்தான், விலையையும் எழுதிவைத்தால். "முழுக் கிரவுண்டில் 3 சதவீதம், பாதிக் கிரவுண்டில் 100 சதவீதம், ஆகவே இது மேம்பாடு" என்று எழுதுவதில்தான் விலைச்சீட்டு கிழிக்கப்படுகிறது. இந்தப் பாதிக் கிரவுண்ட் ஆன்டெனாவைத் திண்டுக்கல் தோட்டத்து ஸ்டார்ட்டர் பெட்டியின் இரும்புக் கதவுக்கு உள்ளே ஒட்டிப் பாருங்கள். கட்டுரையின் வரைபடத்தில் இருந்த அகலத்தில் ஒன்றும் மிஞ்சாது.

அடுத்தது குறையுள்ள கிரவுண்ட். தகட்டில் டம்பெல் வடிவிலோ சுருளாகவோ ஒரு துளை வெட்டுவது. 1999 வாக்கில் கொரிய ஆய்வாளர்கள் வடிகட்டிகளுக்காகக் கொண்டுவந்த உத்தி இது. ஆன்டெனாவில் இதைப் பயன்படுத்தி நிலைநாட்டியதில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் தேபதோஷ் குஹாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் குழுவின் 2005 கட்டுரை துளையை எதற்குப் பயன்படுத்தியது என்று கவனிக்க வேண்டும். பட்டை அகலத்துக்காக அல்ல, வேண்டாத குறுக்குத் துருவ அலையை அடக்குவதற்காக. தகட்டின் எந்த இடத்தில் எந்த மின்னோட்டம் ஓடுகிறது என்று கண்டறிந்து அந்த இடத்தில் மட்டும் கத்தி வைத்த வேலை அது. பின்னால் வந்தவர்களில் பலர் துளையை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டார்கள். கணினி மென்பொருளில் துளையின் நீளத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி, திரும்பி வரும் திறனின் வரைபடம் கீழே இறங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, அந்த நீளத்துக்கு ஏதோ ஒரு விளக்கம் எழுதுவது. ஏன் வேலை செய்கிறது என்று தெரியாத துளை, பெட்டி மாறி வேலை செய்யாமல் போனாலும் காரணம் தெரியாது.

அதோடு, உண்மையான கருவியில் கிரவுண்ட் தகடு ஆன்டெனாக்காரருக்கு மட்டும் சொந்தமானதல்ல. சிம், பேட்டரி, ரிலே, மின்னழுத்தத்தை அளக்கும் சில்லு எல்லாம் தங்கள் மின்னோட்டத்தை அதன் வழியாகத்தான் திருப்பி அனுப்புகின்றன. நடுவில் துளை போட்டால் அவை சுற்றிக்கொண்டு போக வேண்டும், சுற்றும் பாதை ஒவ்வொன்றும் இரைச்சலைக் கக்கும். ஜி.எஸ்.எம். கைப்பேசிக்கு அழைப்பு வரும்போது பக்கத்து ரேடியோவில் 'டட்டட் டட்டட்' என்று ஒரு சத்தம் வருமே, வினாடிக்கு 217 முறை திறன் துடிப்பதால் வருவது அது. தகட்டையே வீச வைக்கும்போது அந்தத் துடிப்பு பலகை முழுக்க ஓடுகிறது. ஃபேஸ் போய்விட்டதா என்று பார்க்கும் சுற்றுக்குள் அது நுழைந்தால் மோட்டார் காரணமில்லாமல் நிற்கும். ஆன்டெனாக் கட்டுரைகளில் வரும் பலகை வெறும் பலகை, மேலே ஒரு உறுப்புகூட இருக்காது. அதனால் இந்தச் சிக்கல் அங்கே தலைகாட்டாது.

மூன்றாவது வழி கொஞ்சம் உயர்குலம். 1999-இல் கலிஃபோர்னியாவில் டான் சீவன்பைப்பர் அறிமுகப்படுத்திய உயர் மின்னெதிர்ப்புப் பரப்பு. காளான் வடிவச் சிறு செம்புத் தகடுகளை அடுக்கி, சாதாரண உலோகத்துக்கு நேர்மாறாக நடக்கும் ஒரு தரையை உருவாக்குவது. இதன்மேல் ஆன்டெனாவைப் படுக்க வைத்தாலும் கீழிருந்து வரும் எதிரொளி அதை அழிக்காது. இரும்பின் மேல் ஒட்டவும் உடம்பில் அணியவும் இதுதான் முறையான விடை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தரைக்கே ஒரு பட்டை அகலம் உண்டு, அது தடிமனுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். 900 மெகா ஹெர்ட்ஸில் 1.6 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கணக்குப் போட்டால் 3 சதவீதம் வருகிறது. நமக்கு வேண்டிய 31-க்கு 16 மில்லிமீட்டர் தடிமன் தேவை. மோட்டார் பெட்டிக்கு இந்தச் செலவைச் செய்ய ஒருவரும் வரப்போவதில்லை. 5 கிகா ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் அலைநீளம் சுருங்கி வேண்டிய தடிமனும் குறையும், அங்கே என் கருத்து மாறும்.

இதுவரை பேசியது வடிவங்களைப் பற்றி. அளக்கும் முறையில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. பட்டை அகலத்தை எல்லோரும் திரும்பி வரும் திறனை வைத்தே அளக்கிறார்கள். அனுப்பியது திரும்பவில்லை என்றால் ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்று பொருள் கொள்கிறார்கள். 50 ஓம் மின்தடை ஒன்றை அளவியின் நுனியில் செருகுங்கள். எந்த அதிர்வெண்ணிலும் எதுவும் திரும்பாது, உலகத்திலேயே மிக அகலமான பட்டை அதற்குத்தான். அது ஒரு துளி அலையும் வீசாமல் எல்லாவற்றையும் சூடாக்கிவிடும். கல்லூரிகளில் மலிவாகக் கிடைக்கும் எஃப்.ஆர்.4 பலகை இந்த மின்தடைக்குத் தூரத்துச் சொந்தம். 1.6 மில்லிமீட்டர் எஃப்.ஆர்.4 பலகையில் 2.45 கிகா ஹெர்ட்ஸ் பேட்ச் ஒன்றைச் செய்தால் கொடுத்த திறனில் கிட்டத்தட்டப் பாதி பலகைக்குள்ளேயே வெப்பமாகப் போகும். அந்த இழப்பும் அகலமாகவே வரைபடத்தில் தெரியும். ஆன்டெனாவைச் சிறிதாக்கச் சிறிதாக்க மின்புலம் பலகைக்குள் இன்னும் நெருக்கமாகிறது, இழப்பும் கூடுகிறது. சிறிய ஆன்டெனா, மலிவுப் பலகை, சூவின் எல்லையைத் தாண்டும் பட்டை அகலம் இந்த மூன்றும் ஒரே கட்டுரையில் வந்தால் எங்கோ ஒரு மின்தடை ஒளிந்திருக்கிறது என்றே நான் படிப்பேன்.

இன்னொரு ஓட்டை அளவியின் கேபிள். சின்னப் பலகையில் ஒரு மீட்டர் கேபிளைப் பற்றவைத்து அளந்தால் தகட்டின் மின்னோட்டம் அங்கேயே நிற்காமல் கேபிளின் வெளித்தோலில் ஏறி ஓடும். அப்போது அளக்கப்படுவது 4 சென்டிமீட்டர் பலகை அல்ல, ஒரு மீட்டர் வாலோடு கூடிய பலகை. வால் அகலத்தைக் கொடுக்கும், கருவி விற்பனைக்குப் போகும்போது வால் இருக்காது. கேபிளில் ஃபெரைட் மணிகளைக் கோத்து இதைத் தடுக்கலாம். கையால் கேபிளைப் பிடித்தால் வரைபடம் ஆடுகிறதா என்று பார்ப்பது இன்னும் எளிய சோதனை. ஆடினால் அந்த வரைபடத்தைக் கட்டுரையில் போடக்கூடாது.

செயல்திறனை, அதாவது கொடுத்த திறனில் எவ்வளவு அலையாக வெளியேறுகிறது என்பதை, அளக்க எதிரொலியற்ற அறை வேண்டும், அது சென்னை தரமணியில் சமீர் நிறுவனம் போன்ற இடங்களில்தான் இருக்கிறது, எங்களால் முடியாது என்பது கல்லூரிகள் சொல்லும் வழக்கமான சமாதானம். முழுச் சமாதானமும் அல்ல. 1959-இலேயே வீலர் ஒரு மாற்று வழி சொல்லியிருக்கிறார். ஆன்டெனாவை உலோகப் பெட்டியால் மூடிவிடுங்கள். அலை வெளியே போக வழியில்லை, அப்போது அளவியில் தெரிவது இழப்பு மட்டும். திறந்து அளந்தால் இழப்பும் வீச்சும் சேர்ந்து தெரியும். இரண்டையும் ஒப்பிட்டால் செயல்திறன் கிடைத்துவிடும். தகடே வீசும் கருவியில் பெட்டி துண்டை மட்டுமல்ல, முழுப் பலகையையும் மூட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. 18 சென்டிமீட்டர் கனசதுரப் பெட்டிக்கு முதல் ஒத்ததிர்வு 1180 மெகா ஹெர்ட்ஸ் அளவில் வரும், 960 வரை அளக்க அது போதும். திண்டுக்கல் பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பேர்போன ஊர். 2019-இல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இடுக்கு விடாமல் மூடும் பெட்டி செய்யத் தெரிந்த கைகள் உள்ள ஊரில், அலுமினியத் தகட்டில் வீலர் மூடி ஒன்றைச் செய்து வாங்குவதா கஷ்டம்? நானோ வி.என்.ஏ. என்ற சின்ன அளவி சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. ஆய்வக அளவியின் துல்லியம் அதற்கு வராது, ஆனால் 80 சதவீதத்துக்கும் 30 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அது காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகு, கிரவுண்ட் தகட்டு வடிவமைப்பே வீண் வேலை என்ற முடிவுக்கு நான் வரவில்லை. அப்படிச் சொல்பவர்கள் ஆன்டெனா வட்டாரத்தில் இருக்கிறார்கள். சூவின் எல்லையை யாரும் தாண்டவில்லை, பிறகென்ன மேம்பாடு என்பது அவர்கள் வாதம். அதில் ஒரு பிழை இருக்கிறது. பலகை எப்படியும் கருவிக்குள் இருக்கப்போகிறது, பேட்டரியும் சில்லும் வைக்க அது வேண்டும். அந்த 10 சென்டிமீட்டரை வீச வைக்காமல் சும்மா கிடக்க விடுவதுதான் வீண். அதை எழுப்ப வேண்டுமானால் துண்டைப் பலகையின் நடுவில் வைக்கக்கூடாது, நுனியில் வைக்க வேண்டும். நுனியடியில் செம்பைக் கொஞ்சம் விலக்க வேண்டும். பலகையின் நீளம் குறைந்தால் ஓரத்தில் வெட்டுக் கொடுத்து மின்னோட்டத்தைச் சுற்றி ஓடவிட்டு நீளத்தைக் கூட்ட வேண்டும். இவை உண்மையான வடிவமைப்பு வேலைகள், ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல முடியும். ஆகவே என் தீர்ப்பு இது: கிரவுண்ட் தகட்டின் வழியாகப் பட்டை அகலம் கூட்டுவது செல்லும். ஆனால் அது சிறிய ஆன்டெனாவை மேம்படுத்தும் கலை அல்ல, கருவி முழுவதையும் ஆன்டெனாவாக மாற்றும் கலை. அப்படி ஒப்புக்கொண்டு, தகட்டையும் அளவில் சேர்த்து, செயல்திறனையும் காட்டி, பெட்டிக்குள் வைத்தும் அளந்த கட்டுரைக்கே முழு மதிப்பெண். தகட்டைக் கணக்கில் சேர்க்காத கட்டுரை திருத்தப்பட வேண்டியது, செயல்திறன் காட்டாத கட்டுரை திருப்பி அனுப்பப்பட வேண்டியது.

இந்த ஒப்புதலுக்கு ஒரு விலை இருப்பதையும் மறைக்க முடியாது. கருவி முழுக்க ஆன்டெனா என்றால் கருவியின் எந்தப் பகுதியைத் தொட்டாலும் ஆன்டெனாவைத் தொட்டதாகிறது. 2010-இல் ஐஃபோன் 4 வந்தபோது எஃகு விளிம்பின் கீழ் மூலையை விரல் மூடியதும் சிக்னல் சரிந்து உலகமே சிரித்தது. தோட்டத்தில் விரலின் இடத்தை ஈரமண்ணும் இலையும் எடுத்துக்கொள்ளும். உரிமம் தேவையில்லாத 865–868 மெகா ஹெர்ட்ஸ் பட்டையில் ஓடும் மண் ஈர உணரியைப் பாருங்கள். 3 மெகா ஹெர்ட்ஸ் என்பது 0.35 சதவீதம்தான், அகலமே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் தண்ணீர் பாய்ந்த பாத்தியில் நட்டதும் ஒத்ததிர்வு அதைவிடப் பல மடங்கு நகர்ந்துவிடக்கூடும். இங்கே அகலம் கேட்பது தகவலுக்காக அல்ல, நகர்ந்தாலும் தப்பிக்க. காய்ந்த மண்ணிலும் நனைந்த மண்ணிலும் வைத்து அளக்காத உணரி ஆன்டெனாவுக்கு எந்தப் பட்டை அகலச் சான்றும் பயன்படாது.

இனி ஸ்டார்ட்டர் பெட்டி. பெட்டி இரும்பு, உள்ளே எவ்வளவு நேர்த்தியான பலகை இருந்தாலும் அலை வெளியே வராது. ஆன்டெனாவை வெளியே எடுத்தாக வேண்டும். ஒயர்மேன்கள் கேபிள் துளை வழியே காந்த அடி ஆன்டெனாவை வெளியே இழுத்து, கையில் அகப்பட்ட செங்கல் சுவரிலோ பனஞ்சட்டத்திலோ ஆணியில் தொங்கவிடுகிறார்கள். அடியில் காந்தம் இருப்பது ஒட்டிக்கொள்வதற்காக மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் பெயிண்டைத் தாண்டி இரும்போடு மின்புலம் வழியே இணைந்து, அந்த இரும்பைத் தன் கிரவுண்டாக ஆக்கிக்கொள்வதற்கும்தான் அது. செங்கலில் தொங்கும்போது அதற்கு வாய்த்த கிரவுண்ட் மூன்று சென்டிமீட்டர் காந்தமும் கேபிளின் தோலும் மட்டுமே. கொட்டகைக்குத் தகரக் கூரை இருந்தால் அதன் மேல் ஒட்டவைப்பது நல்லது. 700 மெகா ஹெர்ட்ஸுக்கும் அது பல அலைநீளம் அகலமான தகடு. வீச்சு சற்று மேல்நோக்கித் தூக்கும், தொடுவானத்தில் நிற்கும் டவருக்குக் கொஞ்சம் நட்டம்தான். ஆனாலும் பெட்டிக்குள் இருந்ததோடும் சுவரில் தொங்கியதோடும் ஒப்பிட அந்த நட்டம் பெரிதல்ல. ஓட்டுக் கொட்டகையாக இருந்தால் ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல்தலையிலேயே ஒட்டலாம். ஒன்றரை அடிப் பெட்டி 900-க்கு ஓர் அலைநீளத்துக்கும் மேல்.

ஸ்டார்ட்டரைப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு ஆன்டெனாவையும் உள்ளேயே வைக்கும் மாடல்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. கிரவுண்ட் தகட்டு வடிவமைப்பு தன் தகுதியைக் காட்ட வேண்டிய இடம் இதுதான். 703 முதல் 960 வரை ஒன்பதில் ஒரு பங்கு எதிரொளிப்புக்குள் அடக்கச் சூவின் கணக்குக் கேட்கும் விட்டம் 108 மில்லிமீட்டர். கைப்பேசித் தொழிலில் வழக்கமாகப் பொறுத்துக்கொள்ளும் கால்பங்கு எதிரொளிப்புக்கு 86 மில்லிமீட்டர். இரண்டு மூன்று ஒத்ததிர்வுகளைக் கோத்துப் பொருத்தினால் இதைக் கொஞ்சம் சுருக்கலாம். ஆனால் தட்டைப் பலகை கோளத்தை நிரப்புவதில்லை என்பதால் அந்த லாபம் அங்கேயே கரைந்துவிடும். 12, 13 சென்டிமீட்டர் பலகை, நுனியில் துண்டு, துண்டுக்கு எதிர்ப்பக்கத்தில் ரிலேக்கள், சுற்றிலும் இரும்பு இல்லாத பெட்டி என்றால் நம்பி வாங்கலாம். 5 சென்டிமீட்டர்ப் பலகையில் மூன்று பட்டையும் எடுக்கும் என்று சொல்லி ஒருவர் விற்க வந்தால், திரும்பும் திறனின் வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு, 703-இல் செயல்திறன் எத்தனை சதவீதம், கேபிள் இல்லாமல் அளந்ததா என்று கேட்க வேண்டும்.